கரையில் நின்றவர்கள் வரைந்தால்



எம்.கே.பி. நகரில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கும் வாசகர் ஒருவர் இந்த மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய வகுப்பில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பையன்கள்தான் அதிகமாம். பூ வரையச் சொன்னால் சட்டென்று முடித்துவிட்டுத் தாளைத் திருப்புகிறார்கள். பின்பக்கத்தில் போர் விமானம், அதற்குக் கீழே போர்க்கப்பல், இரண்டுக்கும் நடுவே சிவப்புக் கிரேயானில் நெருப்பு. எப்படியும் போர்தான் வரையப்போகிறார்கள், நல்ல ஓவியர் ஒருவர் வரைந்ததையாவது பார்க்கட்டும் என்று தேடியபோது, ஜப்பானிய ஓவியர் ஃபுஜிதாவின் பேர்ல் ஹார்பர் ஓவியம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. “இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? காட்டினால் என்ன சொல்லிக் காட்டுவது?” என்று கேட்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த ஓவியத்தில் இருக்கும் தாக்குதலை நடத்திய ஜப்பானியக் கடற்படையே நான்கு மாதம் கழித்து நம் வங்கக் கடலுக்கு வந்தது. அதன் பயத்தில் சென்னைப் பட்டணம் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது. வடசென்னையில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் நமக்கு இது பொதுவில் பேச வேண்டிய விஷயமாகப் பட்டது.

முதலில் ஓவியம். 1942-ல் வரைந்தது. ‘டிசம்பர் 8, பேர்ல் ஹார்பர்’ என்பது அதன் பெயர். ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் துறைமுகமான பேர்ல் ஹார்பரை 1941-ல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அங்கே டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஜப்பானில் நாள் மாறிவிட்டதால் அவர்கள் கணக்கில் 8. மிக உயரத்திலிருந்து கீழே பார்ப்பது போன்ற காட்சி. துறைமுகம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. அமெரிக்காவின் பெரும் போர்க்கப்பல்கள் சிறுத்துத் தெரிகின்றன. புகை எழுகிறது, தண்ணீர் எழும்புகிறது. மனித முகம் ஒன்றுகூடக் கிடையாது. பார்ப்பவர் விமானியின் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறார். அங்கிருந்து பார்க்கையில் அந்தக் காலை அழகாகவே இருக்கிறது.

வரைந்த ஃபுஜிதா ட்சுகுஹாரு சாதாரண ஆள் இல்லை. 1886-ல் ராணுவ மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். 1913-ல் பாரிஸுக்குப் போய், பால் வெள்ளைப் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோட்டால் பெண்களையும் பூனைகளையும் வரைந்து, ஐரோப்பாவே அறிந்த பெயரானவர். போர் வந்தபோது ஜப்பானில் இருந்தார். ராணுவமும் கடற்படையும் கேட்டபடி பெரிய பெரிய போர் ஓவியங்களை வரைந்து கொடுத்தார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களை வைத்துத்தான் அந்தக் காட்சியைக் கட்டினார். போர் முடிந்ததும் சக ஓவியர்களே அவர்மீது பழி சொன்னார்கள். 1949-ல் நாட்டை விட்டுப் போனவர் 1955-ல் பிரெஞ்சுக் குடிமகனாகி, 1968-ல் இறக்கும்வரை திரும்பவே இல்லை.

ஃபுஜிதாவும் மற்ற ஓவியர்களும் இப்படி வரைந்த போர் ஓவியங்களில் 153-ஐ அமெரிக்கப் படை எடுத்துச் சென்றது. 1970-ல் அவை ஜப்பானுக்குத் திரும்பின, அதுவும் காலவரையற்ற கடன் என்ற பெயரில். இன்று டோக்கியோவின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. சிலவற்றை மட்டும் அவ்வப்போது மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முறை. எரித்துவிட்டால் நடந்ததை மறைத்ததாகிவிடும். மொத்தத்தையும் ஒரே கூடத்தில் மாட்டினால் பழைய வெற்றி விழா மறுபடி நடப்பது போலாகிவிடும்.

அந்தப் பையன்களுக்கு விமானத்தின் மீது ஏன் இத்தனை ஆசை என்பது எனக்குப் புரிகிறது. போர் விமானம் ஓட்டுவது உண்மையிலேயே கடினமான வேலை. பேர்ல் ஹார்பரில் தண்ணீரின் ஆழம் சுமார் 12 மீட்டர். விமானத்திலிருந்து விழும் டார்பிடோ வழக்கமாக அதைவிட ஆழம் போய்த்தான் மேலே வரும். அங்கே போட்டால் அடிச்சேற்றில் குத்தி நின்றுவிடும். அதற்காக டார்பிடோவின் வாலில் மரத்தாலான துடுப்புகளைப் பொருத்தினார்கள். விமானிகள் ஜப்பானின் ககோஷிமா வளைகுடாவில், நகரத்து வீடுகளுக்கு மேலே தாழப் பறந்து பயிற்சி எடுத்தார்கள். ஒரு டார்பிடோ விமானத்தில் மூன்று பேர்: ஓட்டுபவர், வழி பார்ப்பவர், வானொலியும் துப்பாக்கியும் கவனிப்பவர். எதிரே பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போது விலகாமல் நேர்கோட்டில் பறந்து, குறித்த தூரத்தில் டார்பிடோவை விட்டுவிட்டுக் கப்பலின் தலைக்கு மேலேயே தாண்டிப் போக வேண்டும். துணிச்சல் இல்லாமல் இது நடக்காது. எதிரி என்பதற்காக அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து சுமார் 350 விமானங்கள் இரண்டு அலைகளாகப் போயின. அமெரிக்கர்களில் 2,403 பேர் இறந்தார்கள்.

அந்த ஆறு கப்பல்களில் ஐந்து, 1942 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு. பேர்ல் ஹார்பரில் முதல் அலையை நடத்திய ஃபுசிதா மிட்சுவோதான் இலங்கை மீதான தாக்குதலுக்கும் விமானங்களை நடத்தி வந்தார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்புத் துறைமுகம். அன்று பிற்பகலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர் கப்பல்களைக் குண்டுவீச்சு விமானங்கள் சிறிது நேரத்தில் மூழ்கடித்தன. இரண்டிலும் சேர்த்து 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி திருகோணமலை. அங்கே ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டி ஒன்றின் மேலேயே போய் விழுந்தது. தொட்டி நாள்கணக்கில் எரிந்தது.

அதே நாளில் மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. துறைமுகத்தில் நின்றால் அடிபடும் என்று முன்னிரவே திருகோணமலையை விட்டு வெளியே அனுப்பியிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் மாட்டிக்கொண்டது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே பிறந்த கப்பலில் அன்று சண்டைக்கு எழும்ப ஒரு விமானமும் இல்லை. இறந்தவர்கள் 307 பேர். வழியில் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கிறது. முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவருகிறார்கள்.

ஃபுஜிதாவின் ஓவியம் எனக்கு இங்கேதான் போதாமல் போகிறது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. வங்கக் கடலில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. ஜப்பானியக் கடற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தகவல் அடுத்த நாளே கோட்டைக்கு எட்டியது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, வேலையால் கட்டுப்படாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அறிவித்தது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், நம் பெரியவர்கள் உயிர் காலேஜ் என்று சொல்லும் மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி முதலான கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம். கடைசியில் அந்தக் கடற்படை சென்னைக்கு வரவே இல்லை. கிழக்கே திரும்பிப் போய்விட்டது. 1943 அக்டோபரில் ஓர் இரவு, ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

ஒரு குண்டும் விழாமலே ஒரு பட்டணம் காலியான கதையை யார் வரைந்தார்கள்? எழும்பூரிலும் சென்ட்ரலிலும் மூட்டையோடு நின்ற கூட்டத்தை, பூட்டிய தெருக்களை, வாடகை வசூலிக்க ஆள் இல்லாத வீடுகளை? சொந்த ஊர் என்று ஒன்று இருந்தவர்கள், வண்டிச் சத்தம் கொடுக்க முடிந்தவர்கள் போனார்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடலே சொந்த ஊராக இருந்தவர்கள் எங்கே போவது? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவருக்கும், பின்னி ஆலையில் தறி ஓட்டியவருக்கும் அந்த ஏப்ரல் எப்படிப் போயிற்று? அவர்கள் வழிவந்த பிள்ளைகள்தான் இன்று வியாசர்பாடியிலும் எம்.கே.பி. நகரிலும் தாளின் பின்பக்கத்தில் விமானம் வரைகிறார்கள்.

இதைவிட நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ரங்கூன் துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள், தெலுங்கரும் தமிழரும். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வானத்தில் நடப்பதை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றவர்கள் பலர் அதில் அடிபட்டார்கள். மிஞ்சியவர்கள் லட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். பர்மாத் தமிழர்களின் இன்னோர் அலை 1960-களில் வந்தது. பர்மா பஜாரும் அத்தோ கடைகளும் வடசென்னைக்கு வந்தது அவர்களால்தான். மாலையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு தட்டு அத்தோ வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், அந்தக் கடைக்காரர் குடும்பத்தில் மூத்தவர் யாராவது இருந்தால் கொஞ்சம் நின்று பேசிப் பாருங்கள். ஃபுஜிதா விட்டுவிட்ட பாதி அங்கே கிடைக்கலாம்.

மலாயாவும் அப்படித்தான். பேர்ல் ஹார்பர் முடிந்து மூன்றாம் நாளே, 1941 டிசம்பர் 10-ல், குவாந்தான் கரைக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானியக் கடற்படை விமானங்கள் மூழ்கடித்தன. நடுக்கடலில் ஓடிக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்கள் விமானத்தால் மட்டுமே மூழ்கியது அதுவே முதல் முறை. மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லாமல் அவற்றை அனுப்பியிருந்தார்கள். 840 மாலுமிகள் இறந்தார்கள். அதையும் ஓர் ஓவியர், நகமுரா கெனிச்சி, 1942-ல் வரைந்தார். அந்தக் கப்பல்கள் போன பிறகு சிங்கப்பூர் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கியது. அதன் பின்னால், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாமல் போன ரப்பர் தோட்டத் தமிழர்களின் கதை வருகிறது. கடலில் மூழ்கிய இரண்டு கப்பல்களுக்கும் காட்டில் போட்ட அந்த ரயில் பாதைக்கும் நடுவே நேரான ஒரு கோடு ஓடுகிறது. நகமுராவின் ஓவியத்தில் அது தெரியாது, தெரியவும் முடியாது.

‘இதெல்லாம் ஜப்பான்காரன் வரைந்தது. நம் விமானிகளை நாம் வரைந்தால்?’ என்று வகுப்பில் ஒரு பையன் கேட்பான். கேட்க வேண்டும். அவனுக்காக 1971 இந்திய-பாகிஸ்தான் போரைச் சொல்லுங்கள்.

அந்த ஆண்டு நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் சென்னைக்கு வந்திருந்தது. கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அந்தக் குறையோடேயே போருக்குப் போக வேண்டிய நிலை. பாகிஸ்தான் அதைத் தேடி மூழ்கடிக்க காஸி என்ற நீர்மூழ்கியை அனுப்பியது. காஸி சென்னைக்கு அப்பால் கடலில் வந்து தேடியபோது விக்ராந்த் ஓசைப்படாமல் அந்தமான் பக்கம் போய்விட்டிருந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், ராஜ்புத் என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் அனுப்பி, விக்ராந்த் அங்கேதான் இருக்கிறது என்று எதிரி நம்பும்படி வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். காஸி அங்கே போயிற்று. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்தின் வாசலிலேயே வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் வெடியால் என்பது இந்தியாவின் பதிவு. அதுவே இட்ட கண்ணிவெடியால் என்பது பாகிஸ்தானின் பதிவு. உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை.

டிசம்பர் 4 காலை, விக்ராந்தின் தளத்திலிருந்து எட்டு சீ ஹாக் விமானங்கள், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கக் கிளம்பின. பிறகு சிட்டகாங். பாகிஸ்தானின் பீரங்கிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் துறைமுகத்திலும் ஆற்று முகத்திலும் அடிபட்டன. சீ ஹாக்கில் ஒரே ஒருவர்தான். ஓட்டுவதும் சுடுவதும் வழி கண்டுபிடித்துத் திரும்புவதும் அவர் வேலை. திரும்பி வந்தால் இறங்க வேண்டிய இடமோ கடலில் அசைந்துகொண்டே இருக்கும். வாலில் உள்ள கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டினால்தான் விமானம் நிற்கும். படைப்பிரிவை நடத்திய லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவுக்கும் கப்பலின் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய செய்தி இது. எனக்கும் பெருமைதான். நம் பிள்ளைகள் அந்த சீ ஹாக்குகளை ஆசையாக வரையட்டும்.

வரைந்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள் ஐயா: ‘படம் வரைந்தபோது நீ எங்கே நின்றாய்?’ விமானத்துக்குள் என்பான். சரி. கப்பலில் இருந்தவனாக நின்று இன்னொன்று வரை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனாக நின்று மூன்றாவது ஒன்று வரை. சிட்டகாங்கிலும் கர்ணபுலி ஆற்றங்கரையில் காசிமேடு போல ஒரு குப்பம் இருந்திருக்கும் அல்லவா? அந்த ஊர் விடுதலைக்காகக் காத்திருந்த ஊர். விமானம் வந்த திசையை மகிழ்ச்சியாகவும் பயமாகவும் ஒன்றாகப் பார்த்திருக்கும். ஒரே முகத்தில் அந்த இரண்டையும் கொண்டுவருவது விமானம் வரைவதைவிடக் கடினம். ஏழாம் வகுப்புப் பையனால் முடியாது என்று நினைக்காதீர்கள். அவன் பார்க்காத பயமா, பார்க்காத காத்திருப்பா? புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் கரையில் நிற்கும் பெண்களின் முகத்தை அவன் பார்த்திருக்கிறான்.

ஆகவே என் பதில்: ஃபுஜிதாவைக் காட்டுங்கள். நன்றாக, நேரம் எடுத்துக் காட்டுங்கள். அந்த உயரத்தை எப்படிக் கொண்டுவந்தார், தண்ணீரின் நிறத்தை எப்படிப் பிடித்தார் என்று தொழிலாகவே பேசுங்கள். பிறகு இதை யார் கேட்டு வரைந்தார், யார் பார்ப்பதற்காக வரைந்தார் என்பதையும் சொல்லுங்கள். அதே விமானங்கள் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்ததையும், நம் பட்டணம் ஓடியதையும் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் இதெல்லாம் தாங்கும். அந்த வயதில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வடசென்னைத் துறைமுகக் கரை உலகப் போரை முதலில் கண்டது 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது அன்றுதான். அதை நேரில் பார்த்தவர்கள் இன்று இல்லை. 1942-ஐப் பார்த்தவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். 1971 டிசம்பரை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை, சொல்வதை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு வரையச் சொல்லி எங்களுக்கு அனுப்புங்கள். பென்சில், கிரேயான், வாட்டர் கலர் எதுவானாலும் சரி. அழகாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும்: படத்தின் பின்பக்கத்தில், அதைச் சொன்ன பெரியவர் அன்று எந்தத் தெருவில், யாரோடு நின்றிருந்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். எம்.கே.பி. நகர் வகுப்பிலிருந்து வரும் முதல் படங்களுக்கு அடுத்த இதழின் நடுப்பக்கத்தை ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்